குடுவைத் தாவரம் பூச்சியைப் பிடிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடுவைத் தாவரம் இப்போது நம் பக்கத்து நர்சரிகளிலும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சியில் அட்டையில் வரைந்த குடுவையை மட்டுமே பார்த்தவர்கள், தொங்கும் தொட்டியில் அசல் செடியைக் கண்டதும் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். மாடித்தோட்டக்காரர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் ஒரு வரியில் முடியும், சில நீளும்.

குடுவைத் தாவரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? நம் காடுகளில் கிடைக்குமா?

நர்சரியில் கிடைப்பது நெப்பந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தது. இலை நுனியிலிருந்து ஒரு பற்றுக்கம்பி நீளும், அதன் முனையில் மூடி போட்ட குடுவை தொங்கும். 160-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகளில் கூட்டம் அதிகம். மேற்கே மடகாஸ்கர், கிழக்கே நியூ கலிடோனியா வரை சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியா என்ற ஓர் இனம் இருக்கிறது. இந்தியாவிலும் ஒன்றே ஒன்றுதான். மேகாலயாவின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா அது. தெற்கு காரோ மலையில் பாக்மாரா என்ற ஊரில் இதற்கென்றே சிறு சரணாலயம் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் காடுகளில் இது தானாக வளர்வதில்லை. "கொல்லிமலையில் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது வேறு ஏதோ.

அமெரிக்காவின் சாரசீனியா, வெனிசுவேலாவின் ஹீலியாம்போரா, மேற்கு ஆஸ்திரேலியாவின் செபலோட்டஸ் ஆகியவையும் குடுவை வைத்துப் பூச்சி பிடிக்கின்றன. ஆனால் அவை நெப்பந்தஸுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. குடுவை என்ற ஏற்பாடு தாவர உலகில் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது. இங்கே நான் பேசுவது பெரும்பாலும் நெப்பந்தஸைப் பற்றி.

அந்தக் குடுவை பூவா, காயா?

இரண்டும் இல்லை, இலை. பச்சையாக அகலமாகத் தெரிகிறதே, இலை என்று நாம் நினைப்பது, அது உண்மையில் இலையின் அடிப்பகுதி அகன்றது. இலைப்பரப்பாக விரிய வேண்டிய பாகம்தான் குடுவையாகிவிட்டது. பூ தனியாகப் பூக்கும். பெரிதாகக் கண்ணைப் பறிக்காத சிறு பூக்கள், நீளமான கொத்தில் வரும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு செடியை மட்டும் வைத்துக்கொண்டு விதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் கதை சுவையானது. இந்தச் செடியைப் பற்றி ஐரோப்பாவில் முதன்முதலாக எழுதியவர் எத்தியென் த ஃபிளாகூர். மடகாஸ்கரில் பிரெஞ்சு வணிகக் குழுமத்தின் ஆளுநராக இருந்தவர். புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே, 1658-ல், மடகாஸ்கரைப் பற்றிய தன் நூலில் இதைக் குறித்திருக்கிறார். பூ என்றே நினைத்துவிட்டார். அதைப் பறித்தால் அன்றைக்கு மழை பெய்யும் என்று அந்த ஊர்க்காரர்கள் பறிக்கத் தயங்கினார்களாம். நாங்கள் எல்லோரும் பறித்தோம், மழை பெய்யவில்லை என்று எழுதிவைத்தார். மழைக்குப் பிறகு ஒவ்வொன்றிலும் அரைக் குவளைத் தண்ணீர் இருக்கும் என்றும் சேர்த்தார். அந்தத் தண்ணீருக்குள் நடப்பது என்ன என்பது தெளிவாக இன்னும் இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது.

பூச்சி ஏன் அங்கே போகிறது?

தேனுக்காக. குடுவை வாயைச் சுற்றியுள்ள வளையத்திலும் மூடியின் அடிப்பக்கத்திலும் தேன் சுரக்கும். நிறமும் இழுக்கிறது, சில இனங்களில் வாசனையும் உண்டு. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2013-ல் ஒன்றைக் காட்டினார்கள். புறஊதா ஒளியில் காசியானாவின் வாய் வளையம் நீலமாக ஒளிர்கிறது. நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிவது, புறஊதா ஒளி தெரியும் பூச்சிகளின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியக்கூடும். அதே குழு பின்னர், திறக்காத குடுவைக்குள் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பலமடங்கு இருப்பதையும் அளந்தது.

மாட்டுவதில் எறும்புதான் அதிகம். அப்புறம் ஈ, சின்ன வண்டு, எப்போதாவது கரப்பான்.

பூச்சி விழுந்ததும் மூடி மூடிக்கொள்ளுமா?

மூடாது. கார்ட்டூன் பார்த்து வந்த எண்ணம் அது. பிஞ்சுக் குடுவையில் மூடி ஒட்டியிருக்கும், ஒருமுறை திறந்த பிறகு அது அசைந்து மூடுவதே கிடையாது. சட்டென்று மூடுவது வீனஸ் ஈப்பொறி என்ற வேறு செடி. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் சதுப்பு நிலத்துக்காரி அவள்.

மூடாது என்றால் பூச்சி எப்படித்தான் விழுகிறது?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதில் நீளம்.

குடுவையின் வாயைச் சுற்றி, வரிவரியாகப் பளபளக்கும் ஒரு வளையம் இருக்கிறது பாருங்கள். நர்சரியில் பெரும்பாலானவர்கள் அழகுக்கென்று நினைத்து விரலால் தடவிவிட்டுப் போகிற பாகம். பொறியே அதுதான். அந்த வரிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் ஓடுகின்றன. அதன் மேல்பரப்பு தண்ணீரை அப்படியே ஏற்றுக்கொள்ளும் தன்மை உள்ளது. தாமரை இலையில் தண்ணீர் உருண்டு ஓடும். இங்கே நேர்மாறு, ஒரு துளி பட்டாலும் வளையம் முழுக்க மெல்லிய படலமாகப் பரவிவிடும். சுரக்கும் தேனும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

எறும்பின் பாதத்தில் ஒட்டும் பட்டைகள் உண்டு. கண்ணாடியில்கூடத் தலைகீழாக நடக்கும். ஆனால் நடுவில் ஒரு தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் அந்தப் பட்டை வளையத்தைத் தொடுவதே இல்லை, தண்ணீரின் மேல் நிற்கிறது. பாசி படிந்த குளத்துப் படியில் காலை வைத்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. 2004-ல் போன், ஃபெடர்லே என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வளையம் காய்ந்திருந்தபோது எறும்புகள் சர்வ சாதாரணமாக நடந்துபோயின. அதே வளையத்தை நனைத்தபோது பெரும்பாலானவை உள்ளே சறுக்கின.

இன்னொரு நுட்பமும் உண்டு. 2016-ல் சீன ஆய்வாளர்கள் காட்டியது: அந்த வரிகளில் தண்ணீர் உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பை நோக்கித் தானாக ஊர்ந்து செல்கிறது, திரும்பி வருவதில்லை. மேட்டில் ஏறினாலும் அப்படித்தான். அதனால் ஒரு மூலை நனைந்தால் போதும், வளையத்தின் முழு அகலமும் வழுக்கும். ஈரத்தால் வழுக்கும் இந்த வளையத்தைப் பார்த்துத்தான் ஹார்வர்டில் ஜோனா ஐசன்பெர்க் குழுவினர் 2011-லேயே எதுவும் ஒட்டாத ஒரு வழுக்குப் பரப்பைச் செய்திருந்தார்கள். நுண்துளைப் பரப்பில் ஒரு திரவத்தைத் தேக்கிவைப்பது அதன் உத்தி. ரத்தமும் பனிக்கட்டியும்கூட அதில் பற்றுவதில்லை.

செடி ஒரு தசையையும் அசைக்கவில்லை, அசைக்கத் தசையும் இல்லை. வேலை முழுவதையும் ஈரம் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் வெயில் நேரத்தில் பொறி சும்மா இருக்குமா? செடிக்கு நஷ்டம்தானே?

சும்மாதான் இருக்கும். நஷ்டம் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் எறும்பின் பழக்கத்தை யோசித்துப் பாருங்கள். முதலில் ஒன்றிரண்டு வேவு பார்க்க வரும். தேனைக் கண்டு, பத்திரமாகத் திரும்பிப் போனால்தான் வாசனைத் தடம் போட்டுக் கூட்டத்தைக் கூட்டிவரும். வந்த முதல் எறும்பையே விழுங்கிவிட்டால் பின்னால் ஒன்றும் வராது. நெப்பந்தஸ் ராஃப்லேசியானாவை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில் இது தெரிந்தது. விட்டுவிட்டு ஈரமாகும் இயல்பான குடுவைகளில் எறும்புகள் மொத்தமாக விழுந்தன. பகலில் காய்ந்து, சாயங்காலம் பனி இறங்கும்போதோ தூறல் விழும்போதோ வளையம் உயிர்பெறுகிறது. அந்த நேரம் தேன் தின்ன வந்த வரிசை முழுக்க உள்ளே.

இதைத் திட்டம் என்று சொல்லத் தோன்றும். செடி திட்டம் போடுவதில்லை. ஆனால் திட்டம் போட்டவரும் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டார்.

விழுந்த பூச்சி ஏன் ஏறி வர முடிவதில்லை?

உள்சுவரின் மேல்பாதியில் மெழுகுப் பொடி படிந்திருக்கும். ஏற முயன்றால் அந்த மெழுகுத் துகள் உதிர்ந்து பாதத்தில் ஒட்டிக்கொள்ளும், பிடி கிடைக்காது. எல்லா இனங்களிலும் இந்த மெழுகு இல்லை. இல்லாதவை சிலவற்றில் திரவமே சளி போல இழுபடும். ராஃப்லேசியானாவில் அந்த வழவழப்பை 2007-ல் அளந்தார்கள். மழைநீர் கலந்து பலமடங்கு நீர்த்த பிறகும், சிறகடிக்கும் ஈயை விடாமல் பிடித்துவைக்கப் போதுமானதாக இருந்தது.

மழை பெய்தால் குடுவை நிரம்பி எல்லாம் வீணாகாதா?

மூடியின் வேலையே அதுதான், பெருமழையை ஓரளவு தடுப்பது. நெப்பந்தஸ் கிராசிலிஸ் இந்த மூடியையும் பொறியாக்கிவிட்டது. எறும்பு மூடியின் அடியில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு மழைத்துளி விழும். மூடி துள்ளி அதிரும், எறும்பு தெறித்துக் குடுவைக்குள் விழும். மழையின் அடியை வைத்து வேட்டை! 2012-ல் இது வெளியானது. ஆய்வுக்காக ஒரு வேட்டைத் தாவரத்தின் பக்கத்தில் மழைக்காகக் காத்திருந்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

உள்ளே எப்படிச் செரிக்கிறது?

குடுவையின் கீழ்ப்பாதிச் சுவரில் ஆயிரக்கணக்கான சிறு சுரப்பிகள் இருக்கின்றன. சுரப்பதும் அவைதான், பிறகு உறிஞ்சுவதும் அவைதான்.

திறக்காத குடுவையிலேயே கொஞ்சம் திரவம் இருக்கும், ஆனால் வீரியம் அவ்வளவு இல்லை. பூச்சி விழுந்து, அதன் ஓட்டில் உள்ள கைட்டினும் கரைந்து வரும் அம்மோனியமும் சுரப்பிகளைத் தொடும்போதுதான் வேலை சூடுபிடிக்கும். சுரப்பிச் செல்கள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளித் திரவத்தைப் புளிக்க வைக்கும். பி.எச். அளவு 2, 3 வரைகூட இறங்கும். நம் இரைப்பையில் உள்ள அமிலத்துக்கு அருகில் வருகிறது பாருங்கள். அந்தப் புளிப்பில்தான் நெப்பந்தசின் என்ற புரத நொதி நன்றாக வேலை செய்யும். நம் வயிற்றின் பெப்சினும் இதுவும் ஒரே வகை. கூடவே கைட்டினை உடைக்கும் நொதி, பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதி, நெப்ரோசின் என்று இன்னொரு புரத நொதி. நெப்ரோசின் கோதுமையின் குளூட்டனையும் உடைப்பதைக் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உதவுமா என்று ஆராய்கிறார்கள். அதற்காகக் குடுவைத் தண்ணீரைக் குடித்துப் பார்க்காதீர்கள்.

பூச்சியின் சதை சில நாளில் கரைந்துவிடும். அமினோ அமிலங்களையும் அம்மோனியத்தையும் பாஸ்பேட்டையும் அதே சுரப்பிகள் உறிஞ்சி இலைக்கு அனுப்பும். கடினமான ஓடு, இறகு, கால் ஆகியவை அடியில் கறுப்பாகத் தேங்கி நிற்கும். பழைய குடுவையை அறுத்துப் பார்த்தால் அந்த வாரக் கணக்கு தெரியும். அடியிலிருந்து மேலே வர வர, புதிதாக மாட்டியவை.

இதை முதலில் ஒழுங்காகச் சோதித்தவர் ஜோசஃப் டால்டன் ஹூக்கர். லண்டன் கியூ பூங்காவில் முட்டை வெள்ளைக்கருவையும் இறைச்சித் துண்டையும் குடுவைகளில் போட்டு, அவை கரைவதைப் பார்த்து, 1874-ல் பெல்ஃபாஸ்ட்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். காசியானாவுக்கு 1873-ல் அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே. காசி மலைகளில் நேரில் அலைந்தவர்.

அழுகுவதற்கும் செரிப்பதற்கும் என்ன வித்தியாசம்? உள்ளே பாக்டீரியா இருக்காதா?

திறந்த குடுவையில் பாக்டீரியா இருக்கும், உதவியும் செய்யும். சாரசீனியா பர்பூரியா என்ற அமெரிக்கச் செடி பெருமளவு அவற்றையே நம்பியிருக்கிறது. அதன் குடுவைத் தண்ணீரில் பாக்டீரியாவும் புழுக்களும் சேர்ந்து இரையைச் சிதைக்கும், செடி மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். நெப்பந்தஸ் தன் சொந்த நொதிகளை நம்புகிறது. பூஞ்சையைத் தடுக்கும் பொருள்களையும் கலந்து வைக்கிறது. காசியானாவில் அப்படிக் கிடைத்த ஒன்று பிளம்பாஜின். பெயரைக் கேட்டால் சிலருக்கு நினைவு வரலாம். நம் ஊர்ப் புதர்களில் வெள்ளைப் பூ பூக்கும் கொடிவேலியின் வேரில் இருக்கும் காரமான பொருள் அதுதான். கொடிவேலிப் பூவின் அடியில் உள்ள பச்சைக் குழலைத் தொட்டிருக்கிறீர்களா? பிசுபிசுவென்று துணியில் ஒட்டும். கொடிவேலி, நெப்பந்தஸ் இரண்டும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்த தூரத்து உறவுகள்.

செரிக்கும் நொதிகளும் புதிதாக வானத்திலிருந்து விழவில்லை. கைட்டினை உடைக்கும் நொதி சாதாரணச் செடிகளிலும் உண்டு, தாக்க வரும் பூஞ்சையின் சுவரை உடைப்பதற்காக. தற்காப்புக்கு இருந்ததைச் சாப்பாட்டுக்குத் திருப்பிக்கொண்டன பூச்சியுண்ணும் செடிகள்.

பச்சை இலைதான் இருக்கிறதே, பிறகு பூச்சி எதற்கு?

சக்திக்கு வெயில் போதும். மற்ற செடிகளைப் போல இதுவும் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குறை நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும்தான். இவை வளரும் மண், மழை அடித்துக் கழுவிய மணலாகவோ பாறையாகவோ புளித்த சதுப்பாகவோ இருக்கும். வேர் தேடியும் கிடைக்காததை இலை பிடித்துத் தருகிறது. இதை நினைவில் வையுங்கள், வளர்ப்பு பற்றிய கேள்வியில் உதவும்.

எல்லாமே பூச்சிதான் தின்னுமா?

இல்லை, சில இனங்கள் வேறு வழிக்குப் போய்விட்டன. போர்னியோ மலைகளின் நெப்பந்தஸ் லோவியி, மர மூஞ்சூறுக்குக் கழிப்பறை. மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க மூஞ்சூறு குடுவை மேல் ஏறி உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே கழிக்கும். செடிக்கு நைட்ரஜன் அதிலிருந்து. ஹெம்ஸ்லேயானா என்ற இனத்தின் குடுவையில் ஒரு சின்ன வௌவால் பகலில் தூங்குகிறது, வாடகையை எச்சமாகக் கொடுத்துவிடுகிறது. அம்புல்லேரியா தரையோடு தரையாகக் குடுவையைத் திறந்துவைத்து, மேலிருந்து விழும் சருகுகளிலிருந்து பெரும்பங்கு சத்தெடுக்கிறது. நெப்பந்தஸ் பியூடிகா என்று 2022-ல் பெயர் பெற்ற இனம் குடுவைகளை மண்ணுக்கு அடியில் வைத்திருக்கிறது.

குழந்தை விரலை விட்டால் ஆபத்தா?

ஒன்றும் ஆகாது. விரலைக் கழுவினால் போதும். குடுவைதான் பாவம், வளையத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் வழுக்கும் தன்மை கெடும். கினபாலு மலையின் நெப்பந்தஸ் ராஜா லிட்டர் கணக்கில் திரவம் பிடிக்கும், அதில் எப்போதாவது எலி விழுந்து செத்ததுண்டு. நம் தொட்டியில் இருப்பது அந்த அளவுக்கு வளராது.

கொசு ஒழியுமா? டெங்கு காலத்தில் வாசலில் தொங்கவிடலாமா?

அழகுக்குத் தொங்கவிடுங்கள். கொசுவுக்காக வாங்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது நம் மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும். ஒன்றிரண்டு கொசு தற்செயலாக விழலாம், அதனால் வீட்டில் கடி குறையாது. இன்னொன்று, சில கொசு இனங்கள் குடுவைத் திரவத்திலேயே முட்டையிட்டு வளர்கின்றன. தென்கிழக்கு ஆசியக் காட்டில் குடுவைக்கென்றே பழகிய கொசுப் புழுக்கள் உண்டு, அமெரிக்க சாரசீனியாவிலும் அப்படி ஒரு கொசு. கொசு ஆராய்ச்சிக்கென்று 1975-லிருந்து மைய அரசின் நிறுவனம் இயங்கும் ஊர் புதுச்சேரி. அங்கிருந்து வரும் அறிவுரை பழசுதான், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், தொட்டியை மூடுங்கள். அதைச் செய்தாலே போதும்.

கடலூர், புதுச்சேரி வெயிலில் இது பிழைக்குமா?

சமவெளி இனங்கள் பிழைக்கும். மிராபிலிஸ், அம்புல்லேரியா, ராஃப்லேசியானா, கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்ராட்டா என்ற கலப்பினம் ஆகியவை நம் இரவு வெப்பத்தைத் தாங்கும். ராஜா போன்ற மலை இனங்களுக்கு ராத்திரி குளிர் வேண்டும், இங்கே ஒரு கோடையைத் தாண்டாது. அதை யாராவது விற்க வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

நமக்கு அனுகூலம் கடல். சித்திரை, வைகாசியில் காலையிலிருந்து மேல்காற்று வறட்டும். கடல்காற்று திரும்பியதும் காற்றில் ஈரம் ஏறும். அந்த இடைப்பட்ட நேரத்தைச் செடி தாண்டிவிட்டால் போதும். பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலைக்குக் கீழே, மேல்காற்று நேராக அடிக்காத கிழக்குப் பக்கம் வையுங்கள். சுற்றிலும் வேறு தொட்டிச் செடிகளை நெருக்கி வைத்தால் ஈரம் நிற்கும். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடானால் உப்புக்காற்று இலையில் படியும், அவ்வப்போது மழைத்தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். கடலோரப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், இந்த வேருக்கு அது ஆகாது. மழைத்தண்ணீர் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை மூடி போட்ட டிரம்மில் பிடித்து வைத்தால் பல மாதம் ஓடும். அது தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். தொட்டி எப்போதும் ஈரமாக இருக்கட்டும், ஆனால் தட்டில் தண்ணீர் தேங்கி வேர் ஊறக் கூடாது.

மண் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள், கொஞ்சம் ஸ்பேக்னம் என்ற காய்ந்த பாசி கலந்தால் போதும். மட்டையை இரண்டு மூன்று முறை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள், அதிலும் உப்பு இருக்கும். எருவும் மண்புழு உரமும் யூரியாவும் பஞ்சகவ்யமும் தயவுசெய்து வேண்டாம். வேரில் சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி குடுவை போடுவதைக் குறைத்துக்கொள்ளும், வேரும் கருகலாம்.

வாங்கி வந்த சில நாளில் குடுவையெல்லாம் காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நர்சரியின் ஈரக் கூடாரத்திலிருந்து வந்த செடி இடமாற்றத்தில் பழைய குடுவைகளை உதிர்க்கும். பழைய குடுவைக்காகக் கவலைப்படாமல் நடுக்குருத்தைப் பாருங்கள். புது இலை வந்து, அதன் நுனியில் சிறு மொட்டு வீங்கினால் செடி ஊன்றிவிட்டது. மொட்டு வீங்காமல் கருகினால் காற்றில் ஈரமோ வெளிச்சமோ போதவில்லை. ஏ.சி. அறையில் வைத்தால் இதுதான் நடக்கும். வண்டியில் வரும்போது திரவம் கொட்டியிருந்தால் நல்ல குடுவைகளில் கொஞ்சம் மழைத்தண்ணீர் விடுங்கள், நிரப்ப வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை, இந்தப் பூச்சி தின்னிக்கும் மாவுப்பூச்சி வரும். இலை அடியில் வெள்ளையாகப் படிந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

தீனி போட வேண்டுமா?

வெளியில் தொங்கும் செடிக்குத் தேவையே இல்லை, நம் ஊர் எறும்புகள் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் என்றால் எப்போதாவது ஒரு குடுவைக்கு ஓர் எறும்போ ஈயோ. கறித்துண்டு, பால், முட்டை, சோற்றுப் பருக்கை எதுவும் வேண்டாம். ஹூக்கர் போட்டார் என்று நாமும் போட்டால் குடுவை அழுகி நாறும்.

ஆடுதின்னாப்பாளைப் பூவுக்குள்ளும் பூச்சி மாட்டுகிறதே, அதுவும் இந்த வகையா?

நல்ல கவனிப்பு, ஆனால் இல்லை. அது பூ, குடுவை வடிவில் இருக்கிறது, அவ்வளவுதான். சின்ன ஈக்களை உள்ளே இழுத்துச் சிறைவைத்து, மகரந்தம் பூசி, பிறகு விட்டுவிடும். தின்பதில்லை.

நம் ஊரில் தானாக வளரும் பூச்சியுண்ணும் செடியே இல்லையா?

இருக்கிறது, காலடியில். கேப்பர் மலையிலும் ஆரோவில் பக்கத்துச் செம்மேட்டிலும் தெரியும் சிவந்த மண் இருக்கிறதே, நிலவியலில் கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய அடுக்கிலிருந்து வந்தது. சத்து குறைந்த மண். தமிழகச் சமவெளியில் இதுபோன்ற செம்மண், மணல் தரைகளில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஈரம் நிற்கும் மாதங்களில் டிரோசெரா வரும், அழுகண்ணி என்றும் சொல்வார்கள். பர்மானி என்ற இனம் தரையோடு ஒட்டிய சிறு வட்டம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. இண்டிகா என்ற இனம் மெல்லிய நூல் போன்ற இலைகளோடு நிமிர்ந்து நிற்கும். இலை முழுக்க உரோமம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒட்டும் துளி. பூச்சி ஒட்டியதும் உரோமங்கள் வளைந்து அழுத்தும். காலை வெயில் சாய்வாக விழும்போது குனிந்து தேடினால் துளிகள் மினுங்குவதில் அகப்படும்.

குளங்களில் யூட்ரிகுலேரியா. மஞ்சள் பூ மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். கீழே நூல் போன்ற இலைகளில் குண்டூசித் தலை அளவு பைகள். பையின் வாசலில் உள்ள மயிரை ஒரு நுண்ணுயிர் தொட்டால் வாசல் திறந்து, ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தண்ணீரோடு உள்ளே இழுத்துவிடும். தாவர உலகில் வேகமான பொறிகளில் ஒன்று நம் ஊர்க் குளத்தில் கிடக்கிறது. ஆளுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது, கண்காட்சிக்கு அட்டைக் குடுவை ஒட்டுவதைவிடப் பயனுள்ளது என்பது என் கட்சி. டிரோசெராவைத் தோண்டி எடுத்து வராதீர்கள், தொட்டியில் நிற்காது. மூலிகை என்று கூடை கூடையாகப் பறிப்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

மேகாலயா சுற்றுலா போகிறோம், காசியானா ஒன்று கொண்டு வரலாமா?

கூடாது. காசியானா அழியும் ஆபத்தில் உள்ள இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டிலிருந்து எடுப்பதைத் தடுக்கிறது, பன்னாட்டு வணிகத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நிலக்கரிச் சுரங்கமும் காடழிப்பும் ஏற்கெனவே அதன் இடத்தைச் சுருக்கிவிட்டன. வேண்டுமென்றால் திசு வளர்ப்பிலோ பதியனிலோ வந்த வென்ட்ராட்டாவை உள்ளூர் நர்சரியில் வாங்குங்கள். வாங்கும்போது பெரிய குடுவையைப் பார்த்து மயங்காமல், நடுக்குருத்து பச்சையாக இருக்கிறதா, இலை அடியில் மாவுப்பூச்சி இல்லையா என்று பார்த்து எடுங்கள்.